வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேனுங்க

எங்க ஆலாங்காட்டுல காலையில ஒம்பதரை மணி டவுன் பஸ்ஸுல ஆளுக போறதில்லீங்க, குரலுகதான் போகும். ஆளுக எல்லாம் ஊர்லயேதான் இருப்பாங்க, மாடு கட்டிக்கிட்டு, சாணி அள்ளிக்கிட்டு, டீ ஆத்திக்கிட்டு, ஆனா பஸ் வர்ற நேரம் ஆச்சுன்னா தொண்டையில ஒரு கமறல் கமறி, ஒரு விக்கல் விக்கி, அவங்கவங்க குரலு வெளிய வந்து, வாசலைத் தாண்டி, பஸ் ஸ்டாப்புல போய் நின்னு, பஸ் வந்ததும் ஏறிப் போயிரும். சீட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, பஸ்ஸு பூராவும் ஒரே இரைச்சலாக் கெடக்கும். கண்டக்டர் மொத வாரம் விசிலடிச்சு, "யாருப்பா அது, எறங்குங்க"ன்னு சத்தம் போட்டுப் பாத்தாரு, அப்பறம் அவருக்கும் பழகிப்போய், படியில தொங்கற குரலுகளை மட்டும் "உள்ள போ, உள்ள போ"ன்னு தள்ளி வுட்டுட்டு ரைட் குடுத்துருவாரு. பொழுதோட ஆறு மணி பஸ்ஸுல எல்லாம் திரும்பி வரும். அதுக்கு முன்னாலயே ஊர்ச்சனம் பூராவும் ஸ்டாப்புல போய் வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கும்.

எதுக்குப் போகுதுன்னு கேப்பீங்க. போன்ல பேசற வேலைக்குத்தானுங்க. புதுசா பிளான் வந்திருக்குது, தெனம் இத்தனை ஜிபி, பேச்சு பூராவும் ஃப்ரீ, இன்னைக்கே மாறுனா குடும்பத்துக்கே சலுகைன்னு ஊரு ஊராக் கூப்பிட்டுச் சொல்றதுக்கு அந்தக் கம்பெனிக்குக் குரலு வேணுமாமா. ஆளை வெச்சா சோறு போடோணும், லீவு குடுக்கோணும், தலைவலின்னா மாத்திரை குடுக்கோணும், வெறும் குரலுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை பாருங்க.

மொத மொதல்ல ஒரு புள்ளைதான் கூப்பிட்டுச்சு. மாசி மாசம், மாரியாத்தா நோம்பி சாட்டியிருந்த சமயம், ஊரே திருவிழாச் சோலியாத் திரியறப்ப வூட்டுக்கு வூடு போன் அடிச்சு, "வணக்கம் சார், வணக்கம் மேடம், உங்க நம்பருக்கு மட்டும் ஒரு பிளான் வந்திருக்கு, உங்க குரல்ல சரின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்"னு தேனாட்டம் கேட்டுச்சு. சனம் அத்தனையும் சரி, சரி, சரின்னு சொல்லிப்போட்டு வெச்சுருச்சு.

வெளியூர்க்காரங்க கேட்டா, என்னடா இது கூறுகெட்ட சனம்னு சிரிப்பாங்க. சிரிக்காதீங்க. எங்க ஊரு மாட்டுச் சந்தை ஊரு. இங்க வெலையை வாயால பேசற வழக்கமே இல்லை. தரகர் தோள்ல கெடக்கற துண்டை எடுத்து விக்கறவன் கையி மேல போட்டு, துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு, எந்த விரலு, எந்தக் கணுன்னு அமுக்கித்தான் வெலை முடியும். வெளிய வாயி என்னத்தை வேணும்னாலும் பேசிக்கிட்டு இருக்கும். "சரி, குடுத்தாச்சு, புடிச்சுக்கிட்டுப் போ"ம்பான், அடுத்த மூச்சுல "உனக்குக் குடுக்கறதுக்கு என்ற மாட்டைக் கெணத்துல தள்ளுவேன்"ம்பான், ஊரே கூடி நிக்கறப்ப சரி சரின்னு கத்துவான், ஒருத்தரும் காதுல போட்டுக்க மாட்டாங்க, துண்டுக்குள்ள விரலு மடங்கற வரைக்கும் மாடு கை மாறாது. அப்பன் பாட்டன் காலத்துல இருந்து அப்படியே பொழைச்ச சனம், மூஞ்சி தெரியாத ஒரு புள்ளைகிட்ட வாயில சொல்ற சரியைப் போய் வியாபாரம்னு எப்படிங்க நெனைக்கும்? போனை வெக்கறதுக்காகச் சொன்ன சரிங்க அது. அங்க அதையே துண்டு போட்டுப் பேசுனதா எடுத்துக்கிட்டாங்க.

நான் மட்டும் சொல்லலை. நான் ராமாத்தா, சந்தை வாசல்ல மூக்கணாங்கயிறும் கழுத்து மணியும் விக்கறவ. சந்தேகம்கறது எனக்குப் பொறவிக் குணம். மாடு வாங்குனா வாயைத் தொறந்து பல்லைப் பாக்கறோம், நடக்க வுட்டுக் காலைப் பாக்கறோம், போன்ல வர்றதுக்கு எதைத் தொறந்து பாக்கறது? "ஏம்புள்ளை, நீ எந்த ஊரு, உங்கப்பன் பேரு என்ன, மொதல்ல அதைச் சொல்லு, அப்பறம் பிளானைப் பத்திப் பேசு"ன்னேன். டக்குனு வெச்சுருச்சு. அன்னைக்கு இருந்து தெரியாத நம்பரு வந்தா நான் தொடவே மாட்டேன். ஊர்ல அத்தனை பேருகிட்டயும் அதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், ஆனா சொல்லி என்னத்துக்கு, மறுநாள் காலையிலயே எல்லாம் பஸ் ஏறிருச்சு. பகல்ல ஊர்ல பேச்சுக்கு மிஞ்சுனது நானும், போன் இல்லாத ஒண்ணு ரெண்டு பேரும், சின்னஞ்சிறுசுகளும்தான்.

மொதல்ல ஊரு தவிச்ச தவிப்பு கொஞ்சமில்லை. சுக்கு, சித்தரத்தை, தேன்னு வாங்கி எல்லாத் தொண்டையிலயும் ஊத்திப் பாத்தாங்க. மாரியாத்தா கோயில் பூசாரி செல்போன் டவர் காலுல வேப்பிலை கட்டி மஞ்சத்தண்ணி தெளிச்சாரு. அப்பறம் பஞ்சாயத்துத் தலைவர் கிட்டுச்சாமி ஒரு வேன் வெச்சு, ஆளுகளை ஏத்திக்கிட்டு டவுன்ல இருக்கற கம்பெனி ஆபீசுக்குப் போனாரு, பேசறதுக்கு ஆளு வேணும்னு என்னையும் கூட்டிக்கிட்டாரு. கண்ணாடிக் கதவு, உள்ள போனா மார்கழி மாசக் குளிரு. அங்க உக்காந்திருந்த பையன் மரியாதையாத்தான் பேசுனான்.

"மேடம், புகாரை அவங்கவங்க குரல்லயேதான் பதிவு பண்ணணும். வேற ஆளு சொன்னா சிஸ்டம் எடுத்துக்காது."

"அவங்க குரலு உங்ககிட்டத்தான சாமி இருக்குது?"

"அப்ப குரல் வீட்டுக்கு வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க மேடம்."

"அது ஆறு மணிக்குத்தான் வருது."

"நாங்க ஆறு மணிக்கு மூடிடுவோமே மேடம்."

தலைவருக்கு வேற வழி தெரியலை, தோள்ல இருந்த துண்டை எடுத்து அந்தப் பையன் கையி மேல போட்டு உள்ள விரலைப் புடிச்சாரு. பாவம், அவனுக்கு என்ன தெரியும், கையைத் தொடைச்சு வுடறாருன்னு நெனைச்சு "பரவால்லைங்க ஐயா, பரவால்லைங்க"ன்னு இழுத்துக்கிட்டான். திரும்பி வர்றப்ப வேனுக்குள்ள என்னைத் தவிர ஒருத்தர் வாயிலயும் சத்தமில்லை.

அப்பறம் என்ன, பழகிருச்சு. எதுதான் பழகாது சொல்லுங்க. சந்தைக்கு ஒரு கொறையும் வரலை, விரலு பேசற எடத்துல வாயி எதுக்கு? "ஹை, இந்தா"ன்னு அதட்டுனாத்தான் நகர்ற மாடுக எல்லாம் நாக்குத் தட்டுற சத்தத்துக்கு நகரப் பழகுச்சு. கல்யாணத்துக்குப் பொழுதோடதான் முகூர்த்தம் வெச்சாங்க, பகல்ல வெச்சா வாழ்த்தறதுக்கு வாயி இல்லையே. புருசன் பொண்டாட்டிச் சண்டையை எல்லாம் பகல் பூரா மனசுல சேத்து வெச்சு ஆறு மணிக்கு மேல ஆரம்பிப்பாங்க, அந்த நேரத்துக்கு எங்க ஊருக்குள்ள வந்தீங்கன்னா காது பொத்துப் போயிரும். ஒண்ணே ஒண்ணு, போயிட்டு வர்ற குரலு எங்க போச்சு, என்ன பாத்துச்சுன்னு யாருக்கும் நெனப்பு இருக்காது. ஆனா வாயில புதுசு புதுசா வார்த்தை ஒட்டிக்கிட்டு வரும். டீக்கடை சென்னியப்பன் கடனுக்கு டீ கேட்டவனை, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், தயவுசெய்து காத்திருக்கவும்"ன்னு சொல்லிப்போட்டு, நான்தான் சொன்னனான்னு அவனே முழிச்சுக்கிட்டு நின்னான்.

எல்லாருக்கும் குரலுன்னா வெறும் குரலுதான். பாவாயிக்கு மட்டும் அதுதான் கண்ணு. பாவாயி என்ற பக்கத்து வூட்டுக்காரி, சின்னதுல அம்மை போட்டுப் பார்வை போனவ, தனியாப் போனு இல்லாததால பகல்லயும் குரலோட இருந்தவ. அவ வூட்டுக்காரரு நாச்சிமுத்து, சந்தையில தரகரு. ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் குருட்டுப் புள்ளை வேண்டாம், வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டும் கேக்காம அவளைக் கட்டுனவரு. கட்டுன நாள்ல இருந்து, சந்தை முடிஞ்சு வந்தா கை கால் கழுவறதுக்கு முன்னால அவ பக்கத்துல உக்காந்து அன்னைக்குச் சந்தையைச் சொல்லுவாரு. மயிலைக் காளை ஒண்ணு வந்துச்சு, கொம்பு ரெண்டும் கூடைக் கைப்புடியாட்டம் வளைஞ்சிருந்துச்சு, ஒரு செவலைக் கன்னு ஆத்தாளைப் பிரிஞ்சு கத்துன கத்தல்ல வாங்குனவனே கண்ணைத் தொடைச்சுக்கிட்டான், மேக்கால மழை கட்டுது, அவ கட்டியிருக்கற சீலை நீலம், அதுல சின்னச் சின்னதா மஞ்சப் பூவுன்னு ஒண்ணு வுடாமச் சொல்லுவாரு. சும்மா சொல்லலை, அவ ஒலகத்துல இருந்த நெறம் அத்தனையும் அந்த மனுசன் வாயில இருந்து வந்ததுதான்.

அவரும் சரின்னு சொன்ன ஆளுதான். குரலு போக ஆரம்பிச்சப்பறம், பொழுதோட ஸ்டாப்புல அதை வாங்கி முழுங்கிக்கிட்டு, வாயை இறுக்க மூடிக்கிட்டு, வழியில எவன் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காம நேரா வூட்டுக்கு வருவாரு. மொதப் பேச்சு அவகிட்டத்தான் பேசோணும்னு அப்படி ஒரு வைராக்கியம். "அம்மிணி"ன்னு அவரு கூப்பிடறது என்ற வூட்டுச் செவுத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும். பகல் பூரா ஊமையாத் திரிஞ்ச மனுசன் அந்த ஒரு வார்த்தைக்குள்ள அத்தனையும் வெச்சுக் கூப்பிடுவாரு.

சித்திரை மாசம் ஒரு சந்தை நாளு, உச்சி வெயில்ல, ஒரு காளைக்குப் பக்கத்துல உக்காந்தவரு அப்படியே அது காலுல சாஞ்சுட்டாரு. அவ்வளவுதான். மார்ல வலின்னு சொல்லக்கூட வாயில்லை, குரலு எங்கியோ எவனுக்கோ பிளான் வித்துக்கிட்டு இருந்துச்சு. தூக்கிட்டு வந்து வாசல்ல பெஞ்சு போட்டுக் கெடத்துனோம். எழவுக்கு வந்த பொம்பளைக மாருல அடிச்சுக்கிட்டாங்க, வாயைத் தொறந்து தொறந்து மூடுனாங்க, அடிக்கற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. ஊருக்கே சேத்து நான் ஒருத்தி அழுதேன். வழக்கப்படி வாயைச் சேத்து வெள்ளைத் துணியில ஒரு கட்டுக் கட்டிட்டாங்க. பாவாயி தலைமாட்டுல உக்காந்து, "பஸ்ஸு வந்துருச்சா அக்கா, பஸ்ஸு வந்துருச்சா அக்கா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

ஆறு மணிக்குப் பஸ்ஸு வந்துச்சு. சனம் போய் அவங்கவங்க குரலை வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்து, மத்தியானத்துல இருந்து சேத்து வெச்சிருந்த அழுகையை ஒரேமுட்டா அழுதுச்சு. அந்தச் சத்தத்துக்கு மத்தியில கடைசியா நாச்சிமுத்து குரலு வந்துச்சு. கண்ணுக்குத் தெரியாது, ஆனா அவரு வாயில கட்டியிருந்த துணி படபடன்னு ஆடுச்சு. காத்து ஒரு பொட்டு இல்லை. உள்ள போறதுக்கு எடம் தேடி அந்தக் கட்டைச் சுத்திச் சுத்தி வந்துச்சு.

பாவாயி தலையைத் தூக்குனா. "வந்துட்டீங்களா மாமா?"ன்னா. பதில் சொல்லத் தொண்டை வேணுமே. "அக்கா, அந்தக் கட்டை அவுத்து வுடுங்கக்கா. ஒரே ஒரு பேச்சு, ஒண்ணே ஒண்ணு பேசிட்டுப் போகட்டும்"னு என்ற சீலையைப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சுனா. நான் முடிச்சு மேல கையை வெச்சுட்டேன். ஊர்ப் பெரியவங்க என்ற கையைப் புடிச்சுக்கிட்டாங்க. கட்டுனதை அவுக்கக் கூடாது, ஊருக்கு ஆகாதுன்னாங்க. ஊருக்கு இதுக்கு மேல என்ன ஆகோணும்னு கேட்டேன், காச்சு மூச்சுன்னு கத்துனேன், ஒருத்தரும் கேக்கலை. இருட்டறதுக்குள்ள எடுத்துட்டாங்க. அந்தக் குரலு சுடுகாடு வரைக்கும் பின்னாலயே போச்சாமா. மறுநாள் காலையில அது பஸ் ஏறுனப்ப படியில தடுமாறுச்சுன்னு கண்டக்டர் எங்கிட்டச் சொல்லி வெசனப்பட்டாரு. அதுக்கப்பறம் ஆறு மணி பஸ்ஸுல அது வரவே இல்லை. வந்தா எங்க போய் எறங்கும்?

அவரு போனு பாவாயிகிட்டயே இருந்துச்சு, பட்டன் போனு, அதுல பேசறது பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கும். ஆடி மாசம் ஒரு நாள் பொழுது சாயற நேரம், நானும் அவளும் வாசல்ல உக்காந்து கயிறு முறுக்கிக்கிட்டு இருந்தோம், அது அடிச்சுது. எடுக்காதேன்னு நான் சொல்றதுக்குள்ள எடுத்துட்டா.

"வணக்கம் மேடம். இது நாச்சிமுத்துங்கற பேருல இருக்கற நம்பர்ங்களா? சார்கிட்டப் பேசலாமா?"

எனக்குக் கையில இருந்த கயிறு நழுவிப் போச்சு. அவரேதானுங்க. அதே கட்டைக் குரலு, அதே இழுப்பு. செத்தும் பகலுக்கும் ராவுக்கும் பேச வெச்சிருக்கறானுக, போறதுக்கு வூடு இல்லாத குரலுன்னு தெரிஞ்சுக்கிட்டு. அவரு நம்பருக்கே அவரைக் கூப்பிட வெச்சு, அவரையே கேக்க வெச்சிருக்கறானுக.

பாவாயி போனைக் காதோட இறுக்கிக்கிட்டா. அப்பறம் மெதுவா, "அவரு வெளிய போயிருக்கறாருங்க"ன்னா.

"ஓ, சரிங்க மேடம். புது பிளான் ஒண்ணு இருக்குதுங்க, அன்லிமிடெட் பேச்சு. நீங்களே சரின்னு சொன்னாலும் போதும்."

"எங்க வூட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேனுங்க."

"தாராளமாக் கேட்டுச் சொல்லுங்க மேடம். சார் எப்ப வீட்ல இருப்பாரு?"

"பொழுதோட வருவாருங்க."

"அப்ப நாளைக்குப் பொழுதோட கூப்பிடறேன் மேடம். நன்றி."

வெச்சதும் நான் அவளைப் புடிச்சுத் திட்டுனேன். அது அவரு இல்லைடி, வெறும் சத்தம், எழுதிக் குடுத்ததை ஒப்பிக்குது, உன்னைத் தெரியலை பாரு அதுக்குன்னேன். அவ காதுலயே போட்டுக்கலை. மறுநாள் தலைக்கு ஊத்தி, சீவி முடிச்சு, பொழுது சாயறதுக்கு முன்னால போனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா. கூப்பிட்டாரு.

"சார் வந்துட்டாருங்களா மேடம்?"

"இன்னும் வரலீங்க. இன்னைக்குச் சந்தை நாளு, நேரமாகும்."

இப்படியே தெனமும் நடந்துச்சு. சரின்னு சொன்னா இவ குரலு போயிரும், வேண்டாம்னு சொன்னா நம்பரை அழிச்சுட்டு மறுபடி கூப்பிட மாட்டாங்க. ரெண்டுக்கும் நடுவால பாவாயி நின்னுக்கிட்டா. ஒரு நாளைக்கு ஒறம்பரை வூட்டுக்குப் போயிருக்கறாருன்னா, ஒரு நாளைக்குக் காய்ச்சலாப் படுத்திருக்கறாருன்னா, "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க மேடம்"னு அந்தக் குரலு சொன்னப்ப வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. அவளா ஒரு நாள், "சார், உங்களுக்கு மயிலைக் காளைன்னா எப்படி இருக்கும்னு தெரியுங்களா?"ன்னு கேட்டா. "அது எங்க பிளான்ல இல்லைங்க மேடம்"னுச்சு. ஊருக்கும் விசயம் தெரிஞ்சு, அந்த நேரத்துக்கு எங்க தெருவுல யாரும் ஆரன் அடிக்கறதில்லை, சண்டை போடறவங்களும் சித்த நேரம் சண்டையை நிறுத்தி வெப்பாங்க, சென்னியப்பன் ரேடியோவை அமத்திப்போட்டு டம்ளரைக் கழுவாமப் பொட்டாட்டச் சத்தமில்லாம நிப்பான். எல்லாருக்கும் நாச்சிமுத்து ஒரு மாதிரி வூடு வந்து போறதாத்தான் நெனப்பு. நான்தான் மனசு கேக்காம அவளைத் திட்டிக்கிட்டே இருந்தேன், ஆனா பொழுதானா நானும் போய்ப் பக்கத்துல உக்காந்துக்குவேன்.

ஐப்பசியில குரலு தேய ஆரம்பிச்சுது. நடுநடுவால கரகரங்கும், வார்த்தை பாதியில நிக்கும், வாயில நுழையாத வடக்கத்திப் பேச்செல்லாம் கலந்து வரும். ஒரு நாள் வழக்கமாப் பேசறதெல்லாம் பேசிப்போட்டு, "மேடம், இந்த ஆஃபர் இன்னையோட முடியுதுங்க. நாளையில இருந்து நான் இந்தப் பக்கத்து நம்பருக்குக் கூப்பிட மாட்டேன், வேற ஸ்டேட்டுக்கு மாத்தறாங்க"ன்னுச்சு.

நான் போனைப் பொத்திக்கிட்டுச் சொன்னேன். "நம்பாத பாவாயி. கடைசி நாளு, கடைசி நாளுன்னுதான் எல்லாரும் சொல்லுவானுக. அவசரப்படுத்தி வாயில இருந்து ஒரு சரியைப் புடுங்கறதுக்குத்தான். எத்தனை பேருகிட்டச் சொல்லியிருப்பான்!"

அவ என்ற கையை வெலக்கி வுட்டா. "ஏனுங்க, நீங்க இருக்கற எடம் எப்படி இருக்குதுங்க?"ன்னு கேட்டா.

எழுதிக் குடுத்ததுல அதுக்குப் பதில் இருந்திருக்காது. ஆனாலும் மெதுவா ஒரு பேச்சு வந்துச்சு. "இங்க ஒண்ணும் தெரியலைங்க மேடம். இருட்டா இருக்குது. எந்தப் பக்கம் திரும்பறதுன்னே தெரியலை."

பாவாயி என்ற பக்கம் மூஞ்சியைத் திருப்புனா. "அக்கா, அவருக்கு இருட்டுன்னா பழக்கமே இல்லைக்கா. எத்தனை வருசமா எனக்கு வழி சொல்லிக்கிட்டு இருந்தவரு. எனக்குன்னா இருட்டு பழகிப்போச்சு, கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்"னா.

"குரலுக்குக் கையி ஏதுடி பைத்தியக்காரி? நீயி இங்கதான் கெடப்ப. ஊமையாவும் குருடாவும் ஒத்தையில கெடப்ப. அவரு சத்தமும் இருக்காது, உன்ற சத்தமும் இருக்காது"ன்னு கத்துனேன். அவ வாயைப் பொத்தப் போனேன். என்ற கைக்குள்ளயே அவ சரின்னு சொல்லிட்டா.

"நன்றி மேடம்"னுச்சு அந்தக் குரலு. எல்லாருக்கும் சொல்ற அதே நன்றிதான்.

அன்னைக்கு அவ குரலு அவகிட்ட இருந்த வரைக்கும் பேசுனா. வளவளன்னு, சம்பந்தமே இல்லாம, கல்யாணத்தன்னைக்கு அவரு மெதுவா வந்து காதுல உன்ற மாலை ரோசாப்பூவுன்னு சொன்னது, அவ எனக்கு வெச்சுக் குடுத்த ரசத்துல ஒரு தடவை உப்பை ரெண்டு வாட்டி போட்டது, எல்லாம் பேசுனா. காலையில நான்தான் அவ கையைப் புடிச்சு ஸ்டாப்புக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். விக்கல் வந்துச்சு. "வர்றேன் அக்கா"ன்னு அவ வாயி சொல்லுச்சு, ஆனா சத்தம் அதுக்குள்ள பஸ்ஸுப் படியில இருந்து கேட்டுச்சு. கண்டக்டர் அந்த ஒரு குரலுக்கு மட்டும் ஜன்னலோரத்துச் சீட்டைக் காமிச்சாரு.

பொழுதோட ஆறு மணிக்குப் போய் நின்னோம். எல்லாரு குரலும் எறங்குச்சு, அவங்கவங்க வாயில பூந்துக்கிச்சு, சனம் பேசிக்கிட்டே வூட்டுக்குக் கெளம்பிருச்சு. பாவாயி வாயைத் தொறந்துக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தா. கண்டக்டர் பஸ்ஸுக்குள்ள குனிஞ்சு சீட்டுக்கடியில எல்லாம் பாத்துட்டு, எங்கிட்ட உதட்டைப் பிதுக்குனாரு. அது அங்கியே தங்கிருச்சு. இத்தனை வருசம் ஒரு தொண்டையில இருந்து வளந்த குரலு, சொந்தக்காரியைத் தெருவுல நிக்க வுட்டுட்டு அந்த மனுசனோடயே இருந்துக்கிச்சு. அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் குரலு மட்டும் கையில கெடைச்சிருந்தா ரெண்டு சாத்துச் சாத்தியிருப்பேன். தொறந்த வாயை நான்தான் தாடையில கை வெச்சு மூடி வுட்டு, வூட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன்.

அதுக்கப்பறம் அவளுக்குச் சொகமா, வெசனமான்னு கேட்டாச் சொல்லத் தெரியலை, அவளாலயும் சொல்ல முடியாது. நெறஞ்ச சந்தைச் சத்தத்துக்கும் மூஞ்சி மாறாம உக்காந்திருப்பா. நான் முடிஞ்ச வரைக்கும் அவளுக்குச் சந்தையைச் சொல்லிப் பாத்தேன். எனக்கு அது வரலை. காளை வந்துச்சு, போச்சுன்னு சொல்றதுக்கு மேல எனக்குப் பேச்சு நீளலை. ஆனா ஒண்ணு, தெரியாத நம்பரைத் தொடவே மாட்டேன்னு இருந்த நான், அன்னையில இருந்து வர்ற நம்பரை எல்லாம் எடுக்க ஆரம்பிச்சேன். யாரோ ஒரு பையன் பேசுவான், யாரோ ஒரு புள்ளை பேசும், கேட்டுப்போட்டு வெச்சுருவேன். என்ற வாயில தப்பித் தவறி ஒரு சரி வந்தாலும் என்ற கதியும் அதுதான்னு தெரியும். தெரிஞ்சேதான் எடுத்தேன்.

தை மாசம், ஒரு சந்தை நாளு, கடையில கூட்டம். போன் அடிச்சுது.

"வணக்கம் மேடம். உங்க நம்பருக்கு ஒரு புது பிளான் வந்திருக்குதுங்க."

பாவாயி. அவ குரலேதான், கொஞ்சம் மெருகேறி, நல்லாத் தண்ணி குடிச்சுட்டு வந்த மாதிரி. நான் மணியையும் கயிறையும் போட்டது போட்டபடி வுட்டுட்டு, மாட்டுக் கூட்டத்துக்குள்ள பூந்து அவ வூட்டுக்கு ஓடுனேன். "சொல்லு கண்ணு, சொல்லு, என்ன பிளானு, எத்தனை நாளைக்கு, மெதுவாச் சொல்லு, எனக்குக் காது மந்தம்"னு வாயில வந்ததை எல்லாம் கேட்டு அதை வெச்சுறாமப் புடிச்சுக்கிட்டே ஓடுனேன். சரிங்கற வார்த்தையை மட்டும் பல்லுக்கு நடுவுல கடிச்சு நிறுத்தி வெச்சிருந்தேன்.

பாவாயி உள்ள செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. போனை அவ காதுல வெச்சு அமுக்குனேன். நானும் காதை ஒட்ட வெச்சுக்கிட்டேன். அந்தக் குரலு பிளானைச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, அதுக்குப் பின்னால நெறைய குரலுக. அப்ப ரொம்பப் பக்கத்துல, அடுத்த சீட்டுல இருக்கற மாதிரி, ஒரு கட்டைக் குரலு கேட்டுச்சு.

"தண்ணி குடிக்கறயா அம்மிணி?"

"இருங்க மாமா, லைன்ல ஆளு இருக்கறாங்க."

பாவாயி மூஞ்சியில ஒவ்வொரு எடமாத் துடிச்சுது. அவ கையி வந்து போனைப் புடிச்சுக்கிச்சு.

"மேடம், கேக்குதுங்களா? பிளான் எடுத்துக்கறீங்களா, இல்லை வூட்ல கேட்டுச் சொல்றீங்களா?"

பாவாயி வாயைத் தொறந்தா. என்னென்னமோ சொன்னா, உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அவளுக்குப் பதிலா நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும், பகல் பூரா ஊருக்கே பேசறவ நான், அந்த நேரம் பாத்து அவ உதட்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.

"ஹலோ? மேடம், லைன்ல இருக்கீங்களா?"

பாவாயி தலையை ஆட்டுனா. ஆமா, ஆமான்னு, கண்ணுல தண்ணி தெறிக்கத் தெறிக்க ஆட்டுனா. அந்தப் பக்கம் அவ குரலு சித்த நேரம் பொறுத்துப் பாத்துட்டு, "யாரும் பேசலீங்க மாமா"ன்னு சொல்லிப்போட்டுப் போனை வெச்சுருச்சு.